நியூக் வாங்கறதா, ஃப்யூஷனுக்கு மாறறதா? மூணு பேர் கடைக்கு லைசன்ஸ் கணக்கு சொல்லுங்க

வியாசை_கம்ப் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிகினு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் மொத தடவ எழுதறேன், நீளமாப் போனா பொறுத்துக்கங்க.

நாங்க மூணு பேரு. எம்.கே.பி. நகர்ல எங்க வீட்டு மாடில ஒரு ரூம், மூணு மெஷின், ஒரு யூபிஎஸ், அவ்ளோதான் கம்பெனி. விஎஃப்எக்ஸ் வேல: ரோட்டோ (ஆள ஃப்ரேம் ஃப்ரேமா கோடு போட்டு வெட்டறது), பெயின்ட் (வேண்டாதத அழிக்கறது), வயர் ரிமூவல், கொஞ்சம் கீயிங் (பச்சத் திரைய எடுக்கறது). வடபழனி, சாலிகிராமம் பக்கம் பெரிய எடத்துல வேல நெறஞ்சு வழியும்போது அவங்க வெளிய தள்ளி விடற ஷாட்டுதான் எங்களுக்கு சோறு போடுது. சீரியல், விளம்பரம், எப்பவாச்சும் ஒரு சினிமா.

மறைக்காம சொல்லிடறேன். நியூக்னா பல படத்த ஒண்ணா சேக்கற கம்பாசிட்டிங் சாஃப்ட்வேர், இத்தன நாளா காசு கட்டாம கிராக் பண்ண அதோட திருட்டு காப்பிலதான் ஓட்டிகினு இருந்தோம். படிச்ச எடத்துலயே அதான் குடுத்தாங்க, பென்டிரைவ்ல வீட்டுக்கு வந்துச்சு, தப்புன்னு தெரியும், காசு இல்ல. போன மாசம் ஒரு கம்பெனில இருந்து போன். வெளிநாட்டு சீரிஸ், 40 ஷாட் பெயின்ட் வேல, பண்றீங்களான்னு கேட்டாங்க. பண்றேன்னு சொல்லிட்டேன். அடுத்த நாள் ஒரு ஃபார்ம் வந்துச்சு. மெஷின் எத்தன, ரூமுக்கு பூட்டு இருக்கா, யூஎஸ்பி போர்ட்ட அடைச்சிருக்கீங்களா, வேல பாக்கற மெஷின்ல நெட் இருக்கான்னு வரிசையா கேட்டுட்டு கடைசி வரில சாஃப்ட்வேர் வாங்கின இன்வாய்ஸ் நகல் இணைக்கணும்னு இருந்துச்சு. அந்த வரிலயே நின்னுட்டேன். ரெண்டு நாள் டைம் வாங்கிட்டு அப்பறம் முடியாதுன்னு சொல்லிட்டேன். கூட இருக்கற பசங்க ரெண்டு பேரும் என்ன ஒரு வார்த்த கேக்கல, ஆனா அன்னிக்கு சாயந்திரம் டீ குடிக்கக்கூட யாரும் கீழ எறங்கல. எங்களுக்கு அது ரெண்டு மாச வேல.

இனிமே கிராக் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். அதுல மாத்தம் இல்ல. ஆனா எத வாங்கறது? முழு நியூக் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர், மூணு மெஷினுக்குப் போட்டா எங்க மூணு பேர் சம்பளமும் அதுலயே போயிடும். நியூக் இண்டீன்னு ஒண்ணு இருக்கு, 2020ல வந்தப்ப வருஷம் 499 டாலர். டாலர் 90 ரூபான்னு வச்சு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேத்தா கிட்டத்தட்ட 53,000 வருது, ஒரு ஆளுக்கு, வருஷா வருஷம். இதே வேல பாக்கற பிளாக்மேஜிக்கோட ஃப்யூஷன் ஸ்டுடியோ 295 டாலர், அதே கணக்குல 31,000 சொச்சம், ஒரே தடவதான். கேக்கவே நல்லா இருக்கு, ஆனா இவ்ளோ கம்மியா குடுக்கறாங்கன்னா எங்கயோ இடிக்கும்னு மனசுக்குள்ள ஒரு பயம்.

போன வாரம் ஃப்யூஷன எறக்கி ஒரு பழைய ஷாட்ட திரும்பப் பண்ணிப் பாத்தேன். காசிமேடு ஹார்பர்ல சாயந்திர வெளிச்சத்துல எடுத்தது, 143 ஃப்ரேம், ஃபைட்டர் போட்ல இருந்து போட்டுக்குத் தாவறாரு, இடுப்புல ரோப், அத அழிக்கணும். பின்னாடி வல காயப் போட்டிருக்கு, ரோப்பு அந்த வலைக்கு குறுக்கால போவுது. நியூக்ல இத ஒரு நாள்ல முடிச்சவன் நான். ஃப்யூஷன்ல ரெண்டரை நாள் ஆச்சு, அப்பவும் ரோப்ப மறைக்க நான் ஒட்டின பேட்ச்ச (துண்டுப் படத்த) சுத்தி மெல்லிசா ஒரு கறுப்பு கோடு நிக்குது. வெளிச்சத்துக்கு மேட்ச் பண்ண காமாவ எறக்கினாதான் வருது, எறக்கலன்னா இல்ல. எனக்குப் புரியல.

ஒரே கேள்விதான். எங்கள மாதிரி இருக்கறவங்க எத வாங்கினா அஞ்சு வருஷம் கழிச்சும் தெருவுல நிக்க மாட்டோம்?

பெரம்பூர்_ஷேக்காரன் எழுதியது:

தம்பி, மொதல்ல ஒண்ணு. அந்த வேலைய பொய் இன்வாய்ஸ் தயார் பண்ணி வாங்காம விட்ட பாரு, அதுக்கே உனக்கு ஒரு கும்பிடு. நானும் பெரம்பூர்தான், லோகோ ஒர்க்ஸ் பக்கம். இந்தத் தொழில்ல 20 வருஷம் தாண்டிட்டேன்.

அஞ்சு வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு கேட்டல்ல, அதுக்கு நான் பாத்ததச் சொல்றேன். நான் கத்துகிட்டது ஷேக்குங்கற பழைய கம்பாசிட்டிங் சாஃப்ட்வேர்ல. நத்திங் ரியல்னு ஒரு சின்ன கம்பெனி 1996ல ஆரம்பிச்சு பண்ணது அது, அப்போ உலகத்துல பெரிய சினிமா நெறைய அதுலதான் கம்ப் ஆச்சு. 2002ல ஆப்பிள் அந்தக் கம்பெனிய வாங்கிச்சு. கொஞ்ச நாள்ல விண்டோஸ் வெர்ஷன் நின்னுச்சு. மேக்ல 2,999 டாலரா இருந்தத 2006ல ஒரே அடியா 499 டாலருக்கு எறக்கினாங்க. அன்னிக்கு டாலர் 45 ரூபா, கணக்குப் போடு, 22,000 சொச்சம். நாங்க எல்லாம் சந்தோஷத்துல குதிச்சோம், நான் வேல பாத்த எடத்து மொதலாளி உடனே மேக்கு வாங்கிப் போட்டாரு. ஆனா அந்த விலை எறக்கினதே கடைய மூடறதுக்குத்தான்னு எங்களுக்குப் புரிய கொஞ்ச நாளாச்சு. பெரிய ஸ்டுடியோக்கு 50,000 டாலருக்கு சோர்ஸ் கோடே குடுக்கறோம், நீங்களே பாத்துக்கங்கன்னு சொன்னாங்க. 2009 ஜூலைல மொத்தமா நிறுத்திட்டாங்க.

அன்னிக்கு பசங்க எல்லாம் நியூக் பக்கம் ஓடினோம். நியூக் யாரு புள்ள தெரியுமா, டிஜிட்டல் டொமைன்ங்கற ஸ்டுடியோ 1993ல தன் சொந்த வேலைக்குன்னு எழுதிகிட்டது. 2007ல லண்டன் ஃபவுண்ட்ரி கைக்குப் போச்சு. ஷேக் போன காலி எடத்த அப்படியே நியூக் புடிச்சுகிச்சு. எதிர்ல ஆளே இல்லன்னா விலைய யாரு எறக்குவா? அந்த ஃபவுண்ட்ரியே கை மாறிகினே இருக்குது, 2015ல ஒரு முதலீட்டுக் கம்பெனி 20 கோடி பவுண்டுக்கு வாங்கிச்சு, 2019ல ரோப்பர்னு அமெரிக்கக் கம்பெனி 41 கோடி பவுண்டுக்கு வாங்கிச்சு. நாலு வருஷத்துல ரெட்டை மடங்கு. அவ்ளோ குடுத்து வாங்கினவன் அதத் திருப்பி எடுக்கத்தான பாப்பான், அது அவன் நியாயம். நம்ம கணக்க நாமதான் பாக்கணும்.

3டி பக்கமும் இதே கததான். மாயா, மேக்ஸ், சாஃப்ட்இமேஜ் மூணும் தனித்தனியா சண்ட போட்டுகிட்டு இருந்துச்சு. ஆட்டோடெஸ்க் கையில மேக்ஸ் ஏற்கெனவே இருந்துச்சு, 2006ல மாயாவும் வந்துச்சு, 2008ல சாஃப்ட்இமேஜையும் வாங்கினாங்க. 2014ல சாஃப்ட்இமேஜ நிறுத்தறோம்னு அறிவிச்சுட்டாங்க. பத்து வருஷம் அதுல ஊறின பசங்கள எனக்குத் தெரியும், அழுதாங்க.

அதனால நான் சொல்றது, விலை கம்மியா இருக்கறது பயப்பட வேண்டிய விஷயம் இல்ல, ஏன் கம்மின்னு தெரியாம வாங்கறதுதான் பயப்பட வேண்டியது. ஷேக் விலைய எறக்கினது கைகழுவறதுக்கு. ஃப்யூஷன் விலைய எறக்கினதுக்குக் காரணம் வேற, அத வெவரமா சொல்ல ராயபுரம் தம்பி வருவாப்ல, அவருதான் அதுல ஊறினவரு.

தண்டையார்பேட்ட_ரோட்டோ எழுதியது:

தம்பி நான் ரோட்டோ பண்றேன், கல்யாணம் ஆகி கொழந்த பொறந்ததுக்கு அப்பறம் வீட்ல இருந்தேதான் வேல, எட்டு வருஷம் ஆச்சு. எல்லாரும் சாஃப்ட்வேர் விலையப் பத்திப் பேசுறாங்க, நான் வேற ஒண்ணு கேக்கறேன். உனக்கு வேல குடுக்கறவங்க உன்கிட்ட இருந்து எத வாங்கிக்கறாங்க? முடிஞ்ச ஃப்ரேமா, இல்ல நோட் எல்லாம் கோத்து வச்ச வேல ஃபைலா, அதாவது ஸ்கிரிப்டா?

ஏன் கேக்கறேன்னா நான் இதுல அடி வாங்கினவ. மூணு வருஷம் முன்னாடி கஷ்டப்பட்டு காசு சேத்து நியூக் இண்டீ வாங்கினேன். சந்தோஷமா ஒரு ஷாட் முடிச்சு ஸ்கிரிப்ட்ட அனுப்பினேன். ராத்திரி பதினொன்றரைக்கு சூப்பர்வைசர் போன் பண்றாரு, ஃபைல் தொறக்க மாட்டேங்குதும்மான்னு. அப்பதான் தெரியும், இண்டீல சேவ் பண்ணா அது வேற எக்ஸ்டென்ஷன், உள்ள எல்லாம் பூட்டி வச்சிருக்கும், முழு லைசன்ஸ் நியூக்ல அது தொறக்காது. சாதா நியூக் ஸ்கிரிப்ட்டு வெறும் டெக்ஸ்ட்டு, நோட்பேட்ல தொறந்தா நோட் பேரு எல்லாம் படிக்கலாம், நாலு நோட காப்பி பண்ணி மெயில்ல ஒட்டி அனுப்பிடலாம். இண்டீல அந்தக் கதவு மூடியிருக்கு. ஃபவுண்ட்ரிக்காரங்க ஒளிச்சு வைக்கல, போட்டிருக்காங்க, நான்தான் படிக்கல. அது தனி ஆளுக்குன்னு போட்டது, வருஷ வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள்ள இருக்கறவங்களுக்கு. வருமானத்துல நமக்கு பிரச்சினையே இல்ல, 90 லட்சம் ரூபாய நான் கனவுலகூட பாக்கல, ஆனா பெரிய ஸ்டுடியோவோட கோத்து வேல பாக்கறவங்களுக்கு அந்த ஃபைல் விஷயம் கழுத்துல விழுந்த சுருக்கு.

அந்த ஷாட்டோட ஷேப்ப (வெட்டற கோட்ட) எல்லாம் அன்னிக்கு ராத்திரியே சில்ஹவுட்ங்கற ரோட்டோ சாஃப்ட்வேர்ல மறுபடி போட்டேன், என் ஃப்ரெண்ட் ஒருத்தி லைசன்ஸ் மெஷின் குடுத்து உதவினா, விடியகாலைல அனுப்பினேன். 210 ஃப்ரேம், தலமுடி பறக்கற ஷாட்டு. அப்போ இருந்து நான் சில்ஹவுட்தான். ரோட்டோவுக்கு அது நல்லா ஒத்து வருது, ஷேப்ப நியூக்குக்கும் அனுப்பலாம் ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கும் அனுப்பலாம். பெரம்பூர் அண்ணனுக்கு ஒரு சேதி, அதோட எக்ஸ்போர்ட் லிஸ்ட்ல இன்னும் ஷேக்கோட ஷேப் ஃபைலும் இருக்குண்ணா. சாஃப்ட்வேர் போய் இத்தன வருஷம் ஆகியும் அந்த ஃபைல் வகை உயிரோட இருக்குது.

ஒண்ணு பாத்துக்க, இதுலயும் எல்லாம் ஒரே கைக்குப் போயிகினு இருக்குது. ட்ராக் பண்ற மோக்கா 2014ல, எஃபெக்ட் போடற சஃபையர் 2016ல, சில்ஹவுட் 2019ல, எல்லாத்தையும் போரிஸ் எஃப்எக்ஸ்தான் வாங்கியிருக்காங்க.

அதனால தம்பி, மொதல்ல போன் போட்டுக் கேளு. பெயின்ட் ஷாட்டுக்கு பெரும்பாலும் ரெண்டர் பண்ண இ.எக்ஸ்.ஆர் ஃப்ரேம் போதும்னுதான் சொல்வாங்க. இ.எக்ஸ்.ஆர், ஐஎல்எம்ங்கற ஹாலிவுட் விஎஃப்எக்ஸ் கம்பெனி 2003ல எல்லாருக்கும் இலவசமா குடுத்த ஃபார்மட், எந்த சாஃப்ட்வேர்ல இருந்து வந்துச்சுன்னு அத வச்சு யாரும் உன்ன ஒதுக்க முடியாது.

வியாசை_கம்ப் எழுதியது:

அக்கா நீங்க கேட்டது எனக்கு தோணவே இல்ல. நாங்க எப்பவும் ரெண்டையும் சேத்து அனுப்பிடுவோம், பழக்கம். நாளைக்கே கேக்கறேன்.

அண்ணா நீங்க சொன்ன 499 டாலர் கததான் எனக்கு பயம். ஃப்யூஷனும் ஒரு நாள் அப்டி ஆகாதுன்னு என்ன இருக்கு?

ராயபுரம்_நோட்ஸ் எழுதியது:

அண்ணன் என்ன இழுத்து உட்டுட்டாரு, வந்துட்டேன். ரெண்டு கேள்வி இருக்கு, கறுப்பு கோடு மொதல்ல, ஏன்னா அது சின்னது.

உன் பேட்ச்சு ப்ரீமல்ட் ஆன படம், அதாவது ஆல்ஃபாவால (எந்த எடம் எவ்ளோ தெரியணும்ங்கற அளவால) பெருக்கி முடிஞ்சது. அது மேல கலர் கரெக்டர போட்டு காமாவ எறக்கினா ஓரத்துல பாதி ஆல்ஃபா இருக்கற பிக்சல்லாம் நடுவுல இருக்கறத விட அதிகமா இருட்டும், ஏன்னா அது ஏற்கெனவே பெருக்கிக் கொறஞ்ச மதிப்பு. அதான் கோடு. நியூக்ல கிரேட் நோட்ல அன்ப்ரீமல்ட் பை ஆல்ஃபான்னு ஒரு எடம் இருக்குமே, அங்க நீ பழக்கத்துல ஆல்ஃபாவ தேர்ந்தெடுத்திருப்ப. ஃப்யூஷன் கலர் கரெக்டர்ல அதே வேலைக்கு ப்ரீ-டிவைடு போஸ்ட்-மல்டிப்ளைன்னு ஒரு டிக் இருக்கு, ஆப்ஷன்ஸ் டேப்ல. அத தட்டு. நாலஞ்சு நோட் வரிசையா போடறதா இருந்தா முன்னாடி ஆல்ஃபா டிவைடு, பின்னாடி ஆல்ஃபா மல்டிப்ளை வச்சிடு.

இன்னொண்ணும் உன்ன இடிச்சிருக்கும். நியூக்கோட ரீட் நோட்டு ஃபைலப் பாத்து அதுவே லீனியருக்கு மாத்திடும், நாம யோசிக்கறதே இல்ல. ஃப்யூஷன் லோடர் அப்டி இல்ல, நீ சொல்லணும். லாக் டிபிஎக்ஸ் (ஃபிலிம் மாதிரி அமுக்கி வச்ச வெளிச்சத்தோட வர்ற ஃபைல்) வந்தா சினியான் லாக்னு ஒரு டூல் இருக்கு அத போடு, முடிச்சு வெளிய அனுப்பும்போது திருப்பி மாத்து. கலர் தப்பாத் தெரியுதுன்னு முதல் மாசம் கத்தறவங்க முக்கால்வாசி பேருக்கு இதான் காரணம்.

இப்ப விலைக்கு வரேன். பிளாக்மேஜிக் கேமரா விக்கற கம்பெனி, கார்டு, ஸ்விட்ச்சர், கலர் பேனல் விக்கற கம்பெனி. சாஃப்ட்வேர் அவங்களுக்கு உள்ள கூப்பிடற கதவு. 2009ல டா வின்ச்சிய (இப்ப இருக்கற ரிசால்வ் அதுலருந்து வந்தது) வாங்கினாங்க, அதுவரைக்கும் அந்த கலர் கிரேடிங் சிஸ்டம் லட்சக்கணக்கான டாலர், பெரிய லேப்லதான் இருக்கும். அடுத்த வருஷமே சாஃப்ட்வேர் மட்டும் மேக்ல 995 டாலர்னு போட்டாங்க, இப்ப ரிசால்வோட இலவச வெர்ஷன் இல்லாத எடிட்டிங் ரூமே சென்னைல இல்லன்னு சொல்லலாம். ஃப்யூஷன் ஐயான் (eyeon) அப்டிங்கற ஒரு கனடா கம்பெனியோடது, 2014 செப்டம்பர்ல வாங்கினாங்க, ரெண்டே மாசத்துல ஒரு வெர்ஷன இலவசமா விட்டாங்க, ஸ்டுடியோ 995 டாலர். 2017ல அது 299 ஆச்சு. 2018ல ரிசால்வ் 15 உள்ளயே ஃப்யூஷனக் கொண்டு வந்து வச்சிட்டாங்க. பெரம்பூர் அண்ணன் சொன்ன ஷேக்குல விலை எறங்கினதுக்கு அப்பறம் வேல நின்னுச்சு. இங்க விலை எறங்கினதுக்கு அப்பறம்தான் வேல அதிகமாச்சு. 2025ல வந்த ரிசால்வ் 20ல ஃப்யூஷனுக்குள்ள மல்டி லேயர் இ.எக்ஸ்.ஆர் (ஒரே ஃபைல்ல பல அடுக்கு), டீப் கம்பாசிட்டிங் (ஆழக் கணக்கோட படத்த சேக்கறது) ரெண்டும் வந்துருக்கு. நியூக் ஆளுங்க ஃப்யூஷன மட்டமாப் பேசறதுக்கு பத்து வருஷமா சொல்லிகினு இருந்த காரணமே இந்த ரெண்டுதான்.

உன் கடைக்கு என்ன வாங்கணும்னா, ரிசால்வ் ஸ்டுடியோ லைசன்ஸ் வாங்கு. அதே லைசன்ஸ் கீல தனி ஃப்யூஷன் ஸ்டுடியோவும் ஓடும். ஒரு கீய ரெண்டு மெஷின்ல போடலாம். இதுவரைக்கும் புது வெர்ஷனுக்குன்னு தனியா காசு கேட்டது இல்ல. ராத்திரி ரெண்டர் போட ஃப்யூஷன்ல நெட்வொர்க் ரெண்டர் நோடுக்கு காசு கிடையாது, நியூக்ல ரெண்டருக்குத் தனி லைசன்ஸ். அவங்க கேமராவோ ஸ்பீடு எடிட்டர் கீபோர்டோ வாங்கினவங்களுக்கு கீ சேத்தே வந்திருக்கும், தெரிஞ்ச கேமராமேன் யாராச்சும் பயன்படுத்தாம வச்சிருக்காங்களான்னு கேக்காத, அவங்க பேர்ல பதிவாகி இருந்தா நாளைக்கு உன் இன்வாய்ஸ் கேள்வி மறுபடி வரும். உன் பேர்ல பில்லோட வாங்கு.

அவங்க கைவிட்டா என்னான்னு கேட்ட. கைவிட்டாலும் நீ வாங்கின வெர்ஷன் உன் மெஷின்ல ஓடும், வாடகை இல்ல, அடுத்த வருஷம் காசு கட்டலன்னா பூட்டிக்காது. ஃப்யூஷன்ல சேவ் பண்ற காம்ப் ஃபைலும் வெறும் டெக்ஸ்ட்தான், உன் வேல உனக்கு எப்பவும் தொறக்கும். 2013ல அடோபி எல்லாத்தையும் மாச வாடகைக்கு மாத்தினதுல இருந்து எனக்கு இது ஒண்ணுதான் பெரிய விஷயமாப் படுது.

மாதவரம்_பைப்லைன் எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கமா இழுக்கறீங்க, நான் மறுபக்கத்தையும் சொல்லிடறேன். நான் ஒரு பெரிய ஸ்டுடியோல பைப்லைன் பாக்கறேன். பெரிய எடத்துல நியூக்க மாத்தறது விலையால நடக்காது. பத்து வருஷமா எழுதி வச்ச பைத்தான் டூலு, கிஸ்மோ (நாமளே கட்டின நோட்), ரிவ்யூ, எல்லாமே அத சுத்தி கட்டினது. லைசன்ஸ் காசு அதிகம்தான், ஆனா 200 பேர் ஒரு மாசம் தடுமாறினா அதவிட அதிகம் போகும். அதனால வேலைக்கு ஆள் எடுக்கறப்ப நாங்க நியூக் தெரியுமான்னுதான் கேக்கறோம், ஃப்யூஷன்ல பண்ண ரீல் (செஞ்ச வேலைய காட்டற வீடியோ) வந்தா நான் பாப்பேன், எல்லாரும் பாப்பாங்கன்னு சொல்ல முடியாது.

உன்கூட இருக்கற ரெண்டு பசங்களும் ஆயுசுக்கும் உன் மாடிலயே இருக்கப் போறதில்ல. 2025 பிப்ரவரில டெக்னிகலர்ங்கற பெரிய விஎஃப்எக்ஸ் கம்பெனி விழுந்தப்ப பெங்களூர்ல ஆயிரக்கணக்கான பேர் ஒரே நாள்ல ரோட்டுக்கு வந்தாங்க, அவங்க வேற எடத்துல போய் உக்கார முடிஞ்சதுக்கு எல்லா எடத்துலயும் ஒரே சாஃப்ட்வேர் இருந்ததும் ஒரு காரணம். அந்தக் கைப்பழக்கத்த அவங்ககிட்ட இருந்து பிடுங்கிடாத. நியூக் நான்-கமர்ஷியல் இலவசம், ஹெச்டி சைஸ் வரைக்கும் அவுட்புட் வரும். கூலி வேலைக்கு அதத் தொடவே கூடாது, ஆனா ஞாயித்துக்கிழமை கத்துக்க, ரீல் பண்ண தாராளமா போதும். பசங்க மெஷின்ல அத போட்டு வை.

ஸ்கிரிப்ட்டே வேணும்னு ஒரு கிளையன்ட் கேட்டா, நாங்க முன்னாடி சின்ன கடையா இருந்தப்ப மூணு மாச வாடகைக்கு நியூக் எடுத்தோம், அத பிட்லயே (வேலைக்கு நாம குடுக்கற விலைப் பட்டியல்லயே) தனி வரியா ஏத்தினோம். மேன்டே ரேட்டுக்குள்ள (ஒரு ஆளோட ஒரு நாள் கூலிக்குள்ள) மறைச்சு வச்சா பேரம் பேசும்போது அதான் மொதல்ல பறிபோகும். சாஃப்ட்வேர் வாடகைன்னு தனியா எழுது. கேக்கறவங்களுக்கும் அது நியாயமாப் படும், நாங்க எழுதி யாரும் அத வெட்டினது இல்ல.

ஜிஎஸ்டி நம்பர் எடுத்துட்டியா? சேவைக்கு வருஷம் 20 லட்சம் தாண்டினாதான் கட்டாயம், ஆனா பதிஞ்சிருந்தா நீ கட்டற 18 சதவீதத்த கிரெடிட்டா எடுத்துக்கலாம், பெரிய கம்பெனிங்களும் பதிஞ்ச ஆளுகிட்டதான் வேல குடுக்க விரும்புவாங்க. ஒரு ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசிடு.

பெரம்பூர்_ஷேக்காரன் எழுதியது:

மாதவரம் சொல்றதும் வாஸ்தவம். நான் ஷேக்குல இருந்து நியூக்குக்கு மாறினப்ப எனக்கு ஆனது மூணு வாரம். மெர்ஜ், கீயிங், ப்ரீமல்ட், ட்ராக், லீனியர் லைட் எல்லாம் கைல இருந்துச்சு, பட்டன் இருக்கற எடம்தான் மாறிச்சு. சாஃப்ட்இமேஜ்ல அழுத பசங்களும் இன்னிக்கு ஹுடினிங்கற 3டி எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேர்ல நல்லா சம்பாதிக்கறாங்க. அதுக்கும் 2014ல இருந்து இண்டீ லைசன்ஸ் இருக்கு, தம்பி எஃபெக்ட்ஸ் பக்கம் போகணும்னா பாத்து வை. காசே இல்லன்னா கம்பாசிட்டிங்குக்கு நேட்ரான், 3டிக்கு பிளெண்டர் ரெண்டும் இலவசம், சட்டப்படி சுத்தம். ஆனா நேட்ரான் இப்ப ரொம்ப மெதுவா நகருது, கூலி வேலைக்கு அத நம்பி எறங்குன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

பர்மா பஜார்ல கிராக் சிடி வாங்கி கத்துகிட்ட தலமொற நாங்க. அந்தக் காலத்துல வேற வழி இல்லன்னு சொல்லுவோம், ஓரளவுக்கு நெசமும்கூட. இப்ப 31,000ல வழி இருக்குது. இத ஒரு நாள் நாம பாப்போம்னு 2006ல யாராச்சும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.

வியாசை_கம்ப் எழுதியது:

ஒரு வாரம் கழிச்சு எழுதறேன், தப்பா நெனைக்காதீங்க, நடுவுல மழ, கணேசபுரம் சப்வே தண்ணி நின்னு ரெண்டு நாள் பசங்க வரல.

அந்தக் கம்பெனிக்கே போன் பண்ணேன். கோவமா இருப்பாங்கன்னு நெனச்சேன், இல்ல. நடந்தத அப்டியே சொன்னேன், லைசன்ஸ் இல்லாததாலதான் வேணாம்னு சொன்னேன், இப்ப வாங்கறேன்னு. அந்தப் பக்கம் இருந்த அம்மா கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் பெயின்ட்டுக்கு எங்களுக்கு இ.எக்ஸ்.ஆர் மட்டும் போதும், எதுல பண்றீங்கன்னு நாங்க கேக்கறதில்ல, இன்வாய்ஸ்தான் கேக்கறோம்னு சொன்னாங்க. 40 ஷாட்ல 26 வெளிய போயிடுச்சாம். 14 மிச்சம் இருக்கு. ரோட்டோவுக்குதான் ஷேப்போட வேணும்னாங்க, அது இப்ப எங்களுக்கு வேணாம், தண்டையார்பேட்ட அக்கா உங்க நம்பர் இல்ல, ஆனா இங்க மெசேஜ் போடறேன், நீங்க சரின்னா அந்த ரோட்டோவ உங்களுக்கு கை காட்டறேன்.

ரெண்டு கீ ஆர்டர் பண்ணியாச்சு, அப்பா கொஞ்சம் குடுத்தாரு, மிச்சம் பசங்க போட்டாங்க, நான் கேக்கல அவங்களாதான் போட்டாங்க. ஒரு கீ ரெண்டு மெஷினுக்கு, அதனால மூணு மெஷின் போக ஒரு எடம் மிச்சம். ஞாயித்துக்கிழமைக்கு நான்-கமர்ஷியல் நியூக் எறக்கி வச்சாச்சு. பழைய கிராக்க மூணு மெஷின்லயும் ஃபார்மட் பண்ணி எடுத்தோம், வெறும் அன்இன்ஸ்டால் பண்ணா போதாதுன்னு சின்னவன் சொன்னான்.

ராயபுரம் அண்ணா, அந்த டிக்க தட்டினேன். கோடு போயிடுச்சு. 143 ஃப்ரேமையும் ஒண்ணு ஒண்ணா நகத்திப் பாத்தேன், வலை மேல ரோப் போற எடத்துல 88ல இருந்து 91 வரைக்கும் மட்டும் பேட்ச் ஒரு பிக்சல் நழுவுது, ட்ராக்கர் பாயின்ட்ட வல முடிச்சு மேல வச்சிருந்தேன், காத்துல அது ஆடுது. போட்டோட ஆணி ஒண்ணு தெரியுது, அது மேல மாத்தி வச்சுப் பாக்கறேன். ஒரு புள்ளிக்குப் பதிலா ஒரு பரப்பையே தொடர்ற பிளானர் ட்ராக்கர்ல போட்டா இன்னும் நல்லா வருமாண்ணா?